பூவிழி எங்கே தேடுவாள்?

தேர்வில் மூன்றாம் முறையும் சிவப்புப் பெட்டியைக் காட்டினால் இன்பன்டாவைக் கரைக்கு அனுப்பிவிடுவார்கள். இதை நடுப்பாரில் அறியாதவர் இல்லை. இன்பன்டாவும் அறிவாள். ஒரு செய்தியை ஒருவரிடம் மட்டும் சொல்லாமல் வைத்திருக்கும் வழக்கம் அவ்வூரில் கிடையாது. அவளுக்கு ஆறு வயது நிறைவதற்கு இன்னும் பன்னிரண்டு நாள்கள் இருந்தன.

கடலுக்குள் உயர்ந்து நிற்கும் பாறைத் திட்டைக் கரையோர மக்கள் பார் என்பார்கள். நடுப்பார் அப்படிப்பட்ட ஒரு திட்டு. நூற்றெண்பது மீட்டர் ஆழத்தில், எஃகும் தடித்த கண்ணாடியும் கொண்டு கட்டிய நாற்பத்தொரு வீடுகள் அதன்மேல் ஒட்டிக்கொண்டிருந்தன. அங்குள்ள ஆண்களும் பெண்களும் கடலடியில் கனிமக் கட்டிகளை வாரும் தொழில் செய்தார்கள். வெளியே இருக்கும் நீரின் அழுத்தமே வீட்டுக்குள்ளும் இருந்தமையால், கீழே இறங்குவதற்கு ஒரு பகல் போதுமாயிருந்தது. மேலே ஏறுவதற்கோ, அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கும் அறை ஒன்றில் ஏழு நாள்கள் அடைந்து கிடக்க வேண்டும். கரைக்கு அனுப்பப்பட்ட குழந்தையைத் தாய் நினைத்தபோது போய்ப் பார்த்துவர இயலாது என்பதே இதன் பொருள்.

மூன்றாம் தேர்வை இயந்திரத்திடம் விடக்கூடாது, மனிதர் ஒருவரே நேரில் நடத்த வேண்டும் என்று சட்டம் சொன்னது. அதற்காகவே குழந்தைகள் நலத்துறை மதுரவல்லியை அனுப்பிற்று. மதுரையில் பிறந்து, குழந்தை உளவியலில் உயர் பட்டம் பெற்று, இரண்டே ஆண்டுகளாகப் பணியில் இருப்பவள் அவள். பேருந்தில் தன் காலை மிதித்தவரிடமே மன்னிப்புக் கேட்கும் இயல்பினள். குழந்தையின் வீட்டில் மூன்று நாள்கள் தங்கிப் பழகிய பின்னரே தேர்வு நடத்த வேண்டும் என்பது விதி.

கதவைத் திறந்த இன்பன்டாவின் தாய் மெற்றில்டா, விருந்தாளியின் முகத்தைப் பார்த்து முதலில் சொன்னது இதுதான்:

“மிதியடி வலப்பக்கம் தள்ளிக் கிடக்கு. தண்ணிக் கேன் மேசைக்கு அடியில. புள்ளையோட பை ஒங்க கட்டில் மேல இருக்கு, இப்ப எடுத்துருவா.” அதன் பின்னரே, “வாங்க டீச்சர்,” என்றாள்.

தான் ஆசிரியை அல்லள் என்று மதுரவல்லி பணிவுடன் விளக்கினாள். பயனில்லை. மூன்று நாள்களும் அவள் டீச்சராகவே இருந்தாள். ஆழத்துக் காற்றில் ஹீலியம் கலந்திருந்ததால் எவர் பேசினாலும் குரல் மெலிந்து கீச்சென்று கேட்டது. எவ்வளவு பொறுப்போடு பேசினாலும் தன் குரல் பொம்மைக் கிளியின் குரலைப் போல் ஒலித்தது அவளுக்குப் பெரும் சங்கடமாயிருந்தது. இன்பன்டாவுக்கோ அதில் வேடிக்கை ஏதும் தெரியவில்லை. மனிதக் குரல் அப்படித்தான் இருக்கும் என்பது அவள் அறிவு.

வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் இதே சடங்கு நடந்தது. மாலையில் வேலை முடிந்து வந்த தந்தை சிலுவை கதவடியில் நிற்க, இன்பன்டா ஓடிப்போய், கத்தரிக்கோல் சன்னலுக்கு வந்துவிட்டது, அவருடைய சட்டை கொடியிலிருந்து நாற்காலிக்கு மாறிவிட்டது, டீச்சரின் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்று ஒப்பித்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தார். இடஞ்சொல்லுதல் என்று அதற்குப் பெயர். ஒரு பொருளை இடம் மாற்றியவர் வீட்டிலிருப்போர் அனைவரிடமும் அப்போதே சொல்லவேண்டும். வெளியே போயிருப்பவரிடம் அவர் நுழையும்போது, நலம் விசாரிப்பதற்கும் முன்னால், சொல்லவேண்டும்.

காரணம் இருந்தது. ஊருக்கு மின்சாரம் நீரோட்டத்தில் சுழலும் பெரிய விசிறிகளிலிருந்து வந்தது. கடலின் ஏற்றமும் வற்றமும் மாறும்போது, நாளுக்கு நான்கு முறை, நீர் அசையாமல் நிற்கும். விசிறிகளும் நிற்கும். சேமித்த மின்சாரம் முழுவதையும் காற்றைச் சுத்திகரிக்கும் இயந்திரம் எடுத்துக்கொள்ளும். அந்தக் கால்மணி நேரம் ஊர் முழுவதும் இருட்டு. “நீர் திரும்புது,” என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சுவரோரம் போய், ஆணியில் தொங்கும் தத்தம் மூச்சுமூடியை ஒரு கையால் தொட்டுக்கொண்டு உட்காருவார்கள். காற்று இயந்திரம் தடுமாறினால் அதை முகத்தில் பொருத்திக்கொள்ள நாற்பது நொடி அவகாசம் உண்டு.

முதல் நாள் இருட்டில் மதுரவல்லி கண்டது, அல்லது காணாமல் உணர்ந்தது, அவளை வியப்பில் ஆழ்த்தியது. எவரும் தடவவில்லை, தடுமாறவில்லை. கைகள் நேராகப் போய்த் தத்தம் மூடியைத் தொட்டன. அந்த இருட்டிலேயே மெற்றில்டா தேநீர் ஊற்றினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. வெளிச்சம் திரும்பியபின் மதுரவல்லி கதவருகே தொங்கிய கைவிளக்கைப் பார்த்தாள். கரையிலிருந்து வந்த கண்ணாடித்தாள் உறைக்குள், பிரிக்கப்படாமல் இருந்தது. அதை மாட்டி எவ்வளவு காலமாயிற்று என்று விசாரித்தாள்.

“எங்க கலியாணத்துக்கு முந்தி மாட்டுனது,” என்றார் சிலுவை. “ஒம்பது வருசம் இருக்கும்.”

இடஞ்சொல்லியதற்கெல்லாம் மதுரவல்லி ஒவ்வொரு முறையும் நன்றி கூறினாள். இரவுச் சாப்பாட்டுக்குள் அந்த எண்ணிக்கை நாற்பதைத் தாண்டிவிட்டதாகவும், டீச்சரின் நன்றியை எங்கே வைப்பது, அதற்கும் ஓர் ஆணி அடிக்கவேண்டும் போலிருக்கிறதே என்றும் சிலுவை மனைவியிடம் கேட்டார். இன்பன்டா விழுந்து விழுந்து சிரித்தாள்.

இரண்டாம் நாள் காலையில் மதுரவல்லி தேர்வின் முன்னோட்டத்தை நடத்தினாள். பதிவில் சேராத முன்னோட்டம் அது. ஒரு சிறிய திரை, அதில் இரண்டு பொம்மைகள். பூவிழி என்னும் பெண் பொம்மை தன் சங்கை நீலப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். இனியன் என்னும் ஆண் பொம்மை வந்து, சங்கை எடுத்துச் சிவப்புப் பெட்டியில் வைத்துவிட்டுப் போகிறான். பூவிழி திரும்பி வருகிறாள். சங்கை எந்தப் பெட்டியில் தேடுவாள்?

உலகெங்கும் ஐந்து வயதுக் குழந்தைகளுள் பெரும்பாலோர் நீலம் என்பார்கள். பூவிழிக்கு நடந்தது தெரியாது, ஆகவே வைத்த இடத்திலேயே தேடுவாள் என்பதை அவர்கள் உணர்ந்திருப்பார்கள். நான் அறிந்ததைப் பிறர் அறியாதிருக்கலாம் என்னும் உணர்வே பிறர் மனத்துக்குள் நுழையும் முதல் வாசல் என்று மதுரவல்லி தன் ஆய்வேட்டில் எழுதியிருந்தாள். ஆபத்தான இடங்களில் வாழும் குழந்தைகளுக்கு இந்தத் தேர்வைச் சட்டமே கட்டாயமாக்கியிருந்தது. நடுப்பாரில் இதுவரை தேர்வெழுதிய பதினான்கு குழந்தைகளும் சிவப்பையே காட்டினார்கள். ஆழத்துக் காற்று குழந்தைகளின் மூளையைத் தாக்குகிறதோ என்று கரையில் பேச்சு எழுந்திருந்தது. பதினால்வரில் மூத்தவள் இன்பன்டா. ஆகவே மூன்றாம் தேர்வு முதலில் அவளுக்கு வந்தது.

இன்பன்டா திரையைக் கவனமாகப் பார்த்தாள். பிறகு மதுரவல்லியின் முகத்தைப் பார்த்தாள், சற்று நீண்ட நேரம். சிவப்புப் பெட்டியில் விரலை வைத்தாள்.

“சிரமம் பாராமல் இன்னொரு முறை யோசித்துப் பாருங்களேன்,” என்றாள் மதுரவல்லி. குழந்தைகளையும் அவள் பன்மையிலேயே அழைப்பாள்.

“செவப்புதான் டீச்சர்.”

மெற்றில்டா அடுப்பின் பக்கம் திரும்பி நின்றாள். அவள் தோள்கள் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கின.

அன்று நண்பகலில்தான் அந்தப் பிழை நிகழ்ந்தது. விருந்தினராக வந்த இடத்தில் எவருக்கும் பாரமாகிவிடக் கூடாது என்பது மதுரவல்லியின் வாழ்நாள் கவலை. தான் உண்ட தட்டைத் தானே கழுவினாள். மேசையைத் துடைத்தாள். தன் ஈரத் துண்டை எங்கே உலர்த்துவது என்று மெற்றில்டாவைக் கேட்டால், அவள் வேலையைப் போட்டுவிட்டு வந்து இடம் செய்து தருவாள் என்று கூசினாள். சுவரில் வரிசையாக ஆணிகள் இருந்தன. கடைசி ஆணி காலியாயிருந்தது. ஈரம் சொட்டினால் கீழே வைத்திருக்கும் வாளியில் விழட்டும் என்று எண்ணி, வாளிக்கு நேர்மேலே இருந்த ஆணியிலிருந்த பொருளைக் கடைசி ஆணிக்கு மாற்றிவிட்டுத் துண்டை அங்கே தொங்கவிட்டாள். ஒரே ஒரு சாண் தொலைவு. எவரிடமும் சொல்லவில்லை. சொல்லி அவர்களைத் தொந்தரவு செய்வானேன்.

சிறிது நேரத்தில் நீர் திரும்பிற்று. விளக்குகள் அணைந்தன. கைகள் சுவரை நோக்கிப் போயின.

“என்னது,” என்றது இருட்டில் மெற்றில்டாவின் குரல். “ஈரமா இருக்கு.”

அதன் பின் நிலவிய அமைதியை மதுரவல்லி நெடுநாள் மறக்கமாட்டாள். சினம் அதில் இல்லை. படி இருக்கும் என்று கால் வைத்து, அங்கே படி இல்லாமற் போனவர்களின் அமைதி அது. சிலுவை எழுந்து வந்து தன் மூடியை மனைவியின் கையில் வைப்பது ஓசையால் தெரிந்தது.

“டீச்சர் சொல்லியிருப்பாங்கம்மா,” என்றாள் இன்பன்டா. “நீ அடுப்புக்கிட்ட நின்னிருப்ப. ஒனக்குக் கேட்டிருக்காது.”

“அப்படித்தான் இருக்கும்,” என்று மெற்றில்டா உடனே ஒப்புக்கொண்டாள். “எனக்குத்தான் காதுல விழல.”

மதுரவல்லி இருட்டிலேயே கைகூப்பினாள். “இல்லை. நான்தான் மாற்றினேன். நான் சொல்லவில்லை. தயவுசெய்து என்னை மன்னிக்க வேண்டும்.”

இருட்டில் இன்பன்டா கலகலவென்று சிரித்தாள். டீச்சர் நல்ல பகடி பேசுகிறார் என்று அவள் எண்ணிவிட்டாள்.

வெளிச்சம் வந்ததும் மதுரவல்லி குழந்தையை அருகே அழைத்து, பூவிழி சிவப்புப் பெட்டியில் தேடுவாள் என்று ஏன் நினைக்கிறாள் எனக் கேட்டாள். எவரும் அதுவரை அவளிடம் கேட்டிராத கேள்வி அது. தேர்வு விரலையும் விழியையும் பதிவு செய்யும். காரணத்தைக் கேட்காது.

“அவ உள்ள வாரப்ப இனியன் சொல்லிருவான்ல.”

“இனியன்தான் அங்கே இல்லையே. போய்விட்டானே.”

“வழியில பாத்துச் சொல்லியிருப்பான். இல்லேன்னா அவங்க அம்மாகிட்டச் சொல்லிட்டுப் போயிருப்பான்.”

“சொல்லாமலே போயிருந்தால்?”

இன்பன்டா அவளை இரக்கத்தோடு பார்த்தாள். “சொல்லாம எப்படி டீச்சர் எடுப்பாங்க?”

அந்த மாலையே மதுரவல்லி கரைக்குத் தொலைபேசியில் பேசினாள். அவளுடைய மேலதிகாரி இரகுநாதன் கடுமையானவர் அல்லர். தொழிலில் முப்பது ஆண்டு அனுபவம் உடையவர். அவள் தன் குரலைத் திருத்தும் கருவியை மாட்டிக்கொண்டு, இயன்றவரை வரிசையாக எடுத்துரைத்தாள். இந்தக் குழந்தைகள் பிறர் மனத்தை அறியாதவர்கள் அல்லர். பிறருக்குத் தெரியாமற் போகலாம் என்பதை நன்றாகவே அறிந்தவர்கள், அதனால்தான் ஓடிவந்து சொல்கிறார்கள். ஒருவர் அறியாமல் ஒரு பொருள் நகர்வதை மட்டும் அவர்கள் கண்டதே இல்லை. தேர்வு தொடங்கும் இடமோ அதுதான்.

“நீ சொல்றது சரியாத்தான் படுதும்மா,” என்றார் இரகுநாதன். “அறிக்கையில எழுது. குழு கூடும், ஒரு வருசமோ ரெண்டு வருசமோ பேசுவாங்க. ஆனா எனக்கு ஒண்ணு சொல்லு. அந்தப் பிள்ளை ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால மாட்டிக்கிது. தான் இங்க இருக்கிறது எல்லாருக்கும் தெரியும், யாராவது சொல்லியிருப்பாங்கன்னு சத்தம் போடாம உக்காந்திருக்குது. அப்ப?”

மதுரவல்லி குறிப்பேட்டைத் திறந்து ‘கதவு’ என்று எழுதினாள்.

“அந்தச் சட்டம் அப்படி ஒரு பிள்ளைக்கு அப்புறம்தாம்மா வந்தது. கண்டுபிடிக்க ரெண்டு நாள் ஆச்சு.” என்றார் இரகுநாதன். “கையேட்டுல பதினேழாம் பக்கம் பாரு. மூணாம் தேர்வுக்கு முந்திப் பழக்க விளையாட்டுன்னு ஒண்ணுக்கு இடம் இருக்கு. சொல்லிக்குடுத்தா வரும்னா, சொல்லிக்குடு. தப்பே இல்ல.”

அன்றிரவு உணவுக்குப்பின் மதுரவல்லி இதைப் பெற்றோரிடம் விளக்கினாள். விளையாட்டு எளியது. தாய் வெளியே போகவேண்டும். குழந்தை ஒரு பொருளை இடம் மாற்றிவிட்டு, சொல்லாமல் இருக்கவேண்டும். தாய் வந்து பழைய இடத்தில் தேடுவதைக் குழந்தை பார்க்கவேண்டும். இரண்டு மூன்று முறை பார்த்தால் போதும், பூவிழியின் மனம் விளங்கிவிடும்.

சிலுவை சுவரில் தொங்கிய மூடிகளைப் பார்த்தார். பிறகு, ஊர் அமைந்த முதல் ஆண்டில் நடந்ததைத் தாழ்ந்த குரலில் சொன்னார். சுவரில் கசிந்த எண்ணெயைத் துடைப்பதற்காக ஒருவர் மூன்று மூடிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். நல்லெண்ணத்தோடுதான் வைத்தார். நீர் திரும்பிற்று, அன்று பார்த்துக் காற்று இயந்திரமும் நின்றது. மூன்று பேருடைய கைகளும் சுவரையே தடவிக்கொண்டிருந்தன. துடைத்தவர் சிலுவையின் அண்ணன். இறந்த மூவருள் அவரும் ஒருவர்.

“இடஞ்சொல்லுறதுக்கு இந்த ஊர்ல காவல் கிடையாது, தண்டனை கிடையாது டீச்சர்,” என்றார். “சொல்லாம இருக்க முடியும்னு புள்ளைகளுக்குத் தெரியாது. அவ்வளவுதான் எங்க காவல்.”

“ஒரு தடவைதான?” என்றாள் மெற்றில்டா.

கணவர் அவளைப் பார்த்தார்.

“வெளாட்டுன்னு சொல்லுவோம். வெளாட்டு முடிஞ்சதும் முடிஞ்சிரும். எம் புள்ள ஒருத்தி போயி, யாருமில்லாத ஊர்ல ஒரு கட்டில்ல படுத்துக் கெடக்கணுமா?” அவள் மேசையிலிருந்த சோற்றுப் பருக்கையை விரலால் ஒற்றி எடுத்தாள். “சொல்லிக்குடுங்க டீச்சர்.”

சிலுவை எழுந்து கை கழுவப் போனார். 

மூன்றாம் நாள் காலையில் விளையாட்டு தொடங்கிற்று. மெற்றில்டாவின் சீப்பு சன்னலோரத்திலிருந்து மேசை இழுப்பறைக்குள் போகவேண்டும். மெற்றில்டா வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். இன்பன்டா சீப்பை மாற்றி வைத்தாள். மாற்றியவுடன் கதவைத் திறந்து, “அம்மா, சீப்பு மேசைக்குள்ள,” என்றாள்.

சொல்லக்கூடாது என்பதே விளையாட்டு என்று மதுரவல்லி நினைவூட்டினாள். இன்பன்டா தலையாட்டினாள். இரண்டாம் முறை கதவைத் திறக்கவில்லை. தாழ்ப்பாள் துளையில் வாயை வைத்துச் சொன்னாள். மூன்றாம் முறை மதுரவல்லியின் மடியில் உட்கார வைக்கப்பட்டாள். தாய் உள்ளே வந்தபோது அவள் வாய் மூடியிருந்தது. ஆனால் கை தன்னையறியாமல் மேசையைச் சுட்டிக்கொண்டிருந்தது. நான்காம் முறை, தானே தன் இரு கைகளின்மேலும் உட்கார்ந்துகொண்டு, தாய் சன்னலை நெருங்கும்போது ஓவென்று அழுதுவிட்டாள். மெற்றில்டா ஓடிவந்து அணைத்துக்கொண்டாள். இன்றைக்கு இது போதும் என்று மதுரவல்லி சொல்ல நினைத்தாள். மறுநாள் தேர்வு இருந்தது.

ஏழாம் முறையோ எட்டாம் முறையோ, மெற்றில்டா உள்ளே வந்தாள். நிமிர்ந்து பார்க்காமல், பழகிய கையைச் சன்னலோரத்துக்கு நீட்டினாள். கை வெறுமையில் நின்றது. இன்பன்டா சொல்லவில்லை. அழவில்லை. வெறுமையில் நின்ற அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவள் முகத்தில் அச்சம் இருந்தது. பின்னர் அது மெல்ல விலக, உதட்டின் ஓரத்தில் மிகச் சிறிய சிரிப்பு ஒன்று தோன்றிற்று. நூற்றுக்கணக்கான குழந்தைகளின் முகத்தில் மதுரவல்லி கண்ட சிரிப்புதான். நடுப்பாரில் இப்போதுதான் முதன்முறையாகக் கண்டாள்.

அவள் தன் குறிப்பேட்டில் ‘புரிந்தது’ என்று எழுதினாள்.

மறுநாள் தேர்வு நான்கு நிமிடத்தில் முடிந்தது. பூவிழி சங்கை வைத்தாள், போனாள். இனியன் மாற்றினான், போனான். பூவிழி வந்தாள். இன்பன்டா விரலை நீலப் பெட்டியில் வைத்தாள். திரையின் மூலையில் பச்சை விளக்கு எரிந்தது. மெற்றில்டா குழந்தையைத் தூக்கி, முகமெல்லாம் முத்தமிட்டாள். சிலுவை சுவரில் சாய்ந்துகொண்டு கண்களைத் துடைத்தார்.

பச்சை விளக்கின் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. விரல் நீலத்தைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் குழந்தையின் விழி சிவப்பில் நிலைத்திருந்ததாகவும், விரலும் விழியும் முரண்பட்டால் மதிப்பீட்டாளரின் முடிவே இறுதியானது என்றும் அது கூறிற்று. மதுரவல்லி இருமுறை படித்தாள். ‘தேர்ச்சி’ என்று கையொப்பமிட்டாள். குறிப்பைப் பற்றி அந்த வீட்டில் எவரிடமும் அவள் சொல்லவில்லை.

செய்தி நாற்பத்தொரு வீடுகளுக்கும் பரவிற்று. மாலைக்குள் ஒன்பது தாய்மார்கள் வந்து, தங்கள் பிள்ளைகளுக்கும் அந்த விளையாட்டைச் சொல்லித்தருமாறு கேட்டார்கள். மதுரவல்லி சொல்லித்தருவதற்கு அதிகம் எஞ்சியிருக்கவில்லை. இன்பன்டா முன்னதாகவே சொல்லிக்கொடுத்திருந்தாள். பள்ளி அறையிலும் நடைவழியிலும் குழந்தைகள் கூட்டம் கூட்டமாக அதையே விளையாடினார்கள். ஒரு செருப்பு, ஒரு கரண்டி, ஒரு பாடப்புத்தகம். மறைத்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பெரியவர்களும் சிரித்தார்கள்.

அன்றே மதுரவல்லி அழுத்தம் குறைக்கும் அறைக்குள் போனாள். ஊரோடு ஒட்டியே கட்டப்பட்ட சிறிய உருண்டை அறை அது. ஒரு கட்டில், ஒரு மூச்சுமூடி, உறை பிரிக்கப்படாத ஒரு கைவிளக்கு, நடைவழியைப் பார்த்த வட்டக் கண்ணாடி, அதன் பக்கத்தில் ஒரு தொலைபேசி. அறிக்கை எழுத ஏழு நாள்கள் இருந்தன. தேர்வை மாற்றியமைக்க வேண்டிய காரணங்களை அவள் பதினொரு பக்கங்களில் எழுதினாள். தான் எழுதியவற்றுள் அதுவே சிறந்தது என்று நினைத்தாள்.

அறைக்குள் போன மூன்றாம் நாள் பிற்பகலில் மெற்றில்டா குழந்தையோடு கண்ணாடிக்கு அப்பால் வந்து நின்றாள். இருவர் தோளிலும் மூச்சுமூடிகள் தொங்கின. அவற்றைச் சுவரில் மாட்டாமல் உடன் எடுத்துச் செல்வது இந்த இரண்டு நாளாக ஏற்பட்ட வழக்கம் என்று மெற்றில்டா தொலைபேசியில் சொன்னாள். குழந்தைகள் விளையாட்டாக ஏதாவது செய்துவிடலாம் அல்லவா. அதைக் குறையாகச் சொல்லவில்லை. டீச்சருக்கு ஊரே கடன்பட்டிருக்கிறது என்றாள். பிறகு, பக்கத்து வீட்டுப் பெண் அழைக்க, தொலைபேசியைக் குழந்தையிடம் கொடுத்துவிட்டுச் சற்று நகர்ந்து நின்றாள்.

“சாப்பிட்டீர்களா?” என்று கேட்டாள் மதுரவல்லி.

இன்பன்டா அதற்குப் பதில் சொல்லாமல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டாள். “டீச்சர், பூவிழி செவப்புலதான் தேடுவா.”

மதுரவல்லி கண்ணாடியை நெருங்கி நின்றாள். “அப்படியானால் ஏன் நீலத்தைக் காட்டினீர்கள்?”

“ஒங்களுக்கு நீலம் வேணும்ல.”

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மொத தடவையே தெரியுமே. செவப்பத் தொட்டதும் ஒங்க மூஞ்சி வாடிப் போச்சு. அம்மாவுக்கும் நீலந்தான் வேணும். அப்பாவுக்கும்.”

“முதல் தடவையே தெரிந்திருந்தால், அன்றைக்கே நீலத்தைக் காட்டியிருக்கலாமே?”

இன்பன்டா யோசித்தாள். “நீங்க பூவிழியப் பத்தித்தான கேட்டிய. அன்னைக்கு எனக்கு மாத்திச் சொல்லத் தெரியாது.” பிறகு, நன்றாகப் படித்த பிள்ளையின் பெருமிதத்தோடு, “நீங்கதான சொல்லிக்குடுத்திய,” என்றாள்.

நடைவழியில் யாரோ, “நீர் திரும்புது,” என்று குரல் கொடுத்தார்கள். விளக்குகள் அணைந்தன.

மதுரவல்லி கண்ணாடியருகிலேயே நின்றாள். முதல் நாள் பார்த்த அதே இருட்டு, ஒலியின்றி, முழுமையாக வந்தது. ஆனால் நிலைக்கவில்லை. கண்ணாடித்தாள் கிழிபடும் சலசலப்பு ஒன்று தொலைபேசி வழியே கேட்டது. மெற்றில்டாவின் கையில் ஒரு வெளிச்சம் தோன்றிற்று. அவள் அதைத் தன் தோளின் மீதும், பின்னர் குழந்தையின் தோளின் மீதும் அடித்துப் பார்த்தாள். அதற்கப்பால், நடைவழியின் இருமருங்கிலும், ஒவ்வொரு வீட்டின் வட்டச் சன்னலிலும், ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிளக்குகள் எரியத் தொடங்கின. வெளிச்சங்கள் சுவர்களில் ஆணிவரிசையைத் தேடி ஏறின, எண்ணிப் பார்த்தன, இறங்கின.

“டீச்சர்,” என்றாள் இன்பன்டா. அவள் முகம் இப்போது தெரியவில்லை. “வெளிய இருந்து பாத்தேன். ஒங்க மூடி கட்டிலுக்கு மேல இருக்கு. இடப்பக்கம், ரெண்டாவது ஆணி.”

“நன்றி,” என்றாள் மதுரவல்லி.

குழந்தை உண்மையைத்தான் சொல்லியிருப்பாள். சொன்ன இடத்துக்குக் கையை நீட்டினால் போதும். மதுரவல்லி சுவரைத் தடவி, தொங்கிய கைவிளக்கை எடுத்து, அதன் உறையைப் பிரிக்கத் தொடங்கினாள்.